குட்டிக்கு வீடு தேடறது அப்புறம், முதல்ல அம்மாக்காரிக்கு ஆபரேஷன்

கொளத்தூர்ல இருந்து ஒரு வாசகி எழுதிருக்காங்க. கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கிச் சொல்றேன்.

"டாக்டர், எங்க அபார்ட்மென்ட்ல 40 வீடு. தெருவுல மொத்தம் 11 நாய், நானும் எதிர் வீட்டு அக்காவும்தான் சோறு வைக்கிறோம். அதுல பிரவுனின்னு ஒருத்தி எங்க ஜெனரேட்டர் ரூம் பின்னாடி 6 குட்டி போட்டிருக்கா, மூணு வாரம் ஆச்சு. செக்ரட்டரி எல்லாத்தையும் வண்டியில ஏத்தி செங்குன்றம் தாண்டி விட்டுட்டு வரணும்னு சொல்றார், கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு பேப்பர் கட்டிங் காட்றார். பக்கத்து கிளினிக்ல பொட்டை நாய்க்கு கருத்தடை ஆபரேஷன் 9,000 ரூபாய்னு சொன்னாங்க, எங்களால முடியாது. மாமியார் ஒரு தடவையாவது பிள்ளை பெத்துக்க விடாம அறுக்கறது பாவம்னு சொல்றாங்க. மூணு நாய்க்கு காது நுனியில வெட்டு இருக்கு, யாரோ கொடுமை பண்றாங்களோன்னு பயமா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமையே அடாப்ஷன் கேம்ப் வெச்சு குட்டிங்கள கொடுத்துடலாம்னு இருக்கோம், எப்படி நடத்தறதுன்னு சொல்லுங்க."

அன்புள்ள சகோதரிக்கு,

முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை கேம்ப்ப நிறுத்துங்க மா. கோவிச்சுக்காதீங்க, காரணம் சொல்றேன். மூணு வாரக் குட்டிக்கு இப்பதான் கண்ணு நல்லா தெரிய ஆரம்பிச்சு தள்ளாடி நடக்க ஆரம்பிச்சிருக்கும், அது இன்னும் முழுசா அம்மா பால்லதான் உயிர் வாழுது, இப்ப பிரிச்சு கொடுத்தா வாங்கிட்டு போறவங்க பாக்கெட் பால ஊத்துவாங்க, ரெண்டு நாள்ல வயித்தால போகும், நாலாவது நாள் உங்களுக்கு போன் வரும். எட்டு வாரம் ஆகாம குட்டிய கொடுக்கவே கூடாது. அம்மா கூடயும் கூடப்பிறந்ததுங்க கூடயும் இருக்கறப்பதான் எவ்வளவு அழுத்தி கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்குது, சீக்கிரமா பிரிச்ச குட்டி பின்னாடி கையக் கடிக்கிற நாயாகுறத நான் நிறைய பாத்திருக்கேன்.

இதுல நான் பண்ணின தப்பு ஒண்ணு இருக்கு. படிச்சு முடிச்சு பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல நாலஞ்சு பேரா சேந்து ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல கேம்ப் போட்டோம், ஒரே நாள்ல 14 குட்டி போச்சு, எல்லாரும் கைதட்டினாங்க, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம். ஒரு குட்டிக்கும் தடுப்பூசி போடல, ஒரே கூடையில எல்லாத்தையும் ஒண்ணா வெச்சிருந்தோம், அதுல ஒண்ணுக்கு பார்வோங்கற ரத்தக்கழிச்சல் தொத்து நோய் இருந்திருக்கு, ஒரு வாரத்துக்குள்ள 9 குட்டி செத்துப்போச்சு. ஒரு வீட்டுல ஏழு வயசு பையன் அந்தக் குட்டிய மடியில வெச்சுக்கிட்டே இருந்திருக்கான், அவங்க அம்மா என்கிட்ட கேட்ட கேள்விக்கு இன்னிக்கும் என்கிட்ட பதில் இல்ல. அதனாலதான் கேம்ப்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது ஊசி போட்டாச்சான்னுதான்.

இப்போதைக்கு குட்டிங்களுக்கு பூச்சி மருந்து மட்டும் போதும். இந்த வயசுல வயித்துல நிச்சயம் பூச்சி இருக்கும், அம்மா வயித்துலயே தொத்திக்கிட்டுதான் வரும், அதனால ஒரு குட்டிய மளிகைக்கடை தராசுல வெச்சு எடை பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்லி எடைக்கு ஏத்த சிரப் வாங்கி கொடுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஆறுலேருந்து எட்டு வாரத்துக்குள்ள பார்வோவுக்கும் டிஸ்டம்பர்ங்கற இன்னொரு தொத்து நோய்க்கும் சேந்த முதல் ஊசி, மூணு நாலு வாரம் கழிச்சு அடுத்தது, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு பத்து நாளாவது ஆனப்புறம் வீடு மாத்துங்க. ஜெனரேட்டர் ரூம் பக்கம் போன வருஷம் ஏதாவது குட்டி ரத்தமா கழிஞ்சு செத்திருந்தா அந்த இடத்த பிளீச்சிங் பவுடர் தண்ணி ஊத்தி கழுவிட்டு, காஞ்சப்புறம் குட்டிங்கள விடுங்க. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், சாதாரண ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது.

சரி, இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இந்த ஆறு குட்டிக்கும் நீங்க அலைஞ்சு திரிஞ்சு வீடு கண்டுபிடிச்சிடுவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா பிரவுனிக்கு ஆபரேஷன் பண்ணலன்னா ஆறேழு மாசத்துல திரும்ப ஹீட்டுக்கு, அதாவது இணை சேர்ற பருவத்துக்கு வருவா, அதுக்கப்புறம் 63 நாள் சினை, அதே ஜெனரேட்டர் ரூம் பின்னாடி இன்னொரு ஆறு. அதுக்குள்ள இந்த ஆறுல வீடு கிடைக்காம நின்னுபோன பொட்டைக் குட்டியும் ஹீட்டுக்கு வந்திருக்கும். உங்க கடிதம் முழுக்க குட்டிங்க, குட்டிங்கதான், பிரவுனிய பத்தி ரெண்டே வரி. என் பார்வையில இது தலைகீழ். அடாப்ஷன் அந்தந்த குட்டிய காப்பாத்தும், ஆபரேஷன்தான் தெருவ மாத்தும்.

இது நான் சும்மா சொல்றதில்ல. ஜெய்ப்பூர்ல ஹெல்ப் இன் சஃபரிங்ங்கற அமைப்பு 1994 கடைசியில ஆரம்பிச்சு எட்டு வருஷம் தொடர்ந்து தெரு நாய்ங்களுக்கு கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டாங்க, பொட்டை நாய்ங்கள்ல கிட்டத்தட்ட 65 சதவீதத்துக்கு ஆபரேஷன் ஆனப்ப அந்த ஏரியாவுல நாய் எண்ணிக்கை 28 சதவீதம் குறைஞ்சுது, அங்க மனுஷங்களுக்கு ரேபிஸ் வர்றதும் நின்னுபோச்சு. எட்டு வருஷம்ங்கறத கவனிங்க, ஒரு மாசத்துல நடக்கற வேலையில்ல இது. இன்னொண்ணும் கவனிங்க, கணக்கு பொட்டை நாய்ங்களோடது. தெருவுல பத்து ஆண் நாய்க்கு ஆபரேஷன் பண்ணி ஒண்ண விட்டுட்டா அந்த ஒண்ணே எல்லா பொட்டை நாயையும் சினையாக்கிடும், ஆனா ஒரு பொட்டை நாய்க்கு பண்ணினா அது மூலமா வர்ற குட்டி அத்தோட நின்னுச்சு. அதனால கையில காசும் நேரமும் கொஞ்சமா இருக்கற உங்கள மாதிரி ஆளுங்க கண்ண மூடிக்கிட்டு பொட்டை நாயத்தான் முதல்ல பிடிக்கணும்.

நம்ம சென்னைக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு. ப்ளூ கிராஸ்ங்கற விலங்கு நல அமைப்ப 1959ல இங்கதான் ஆரம்பிச்சாங்க, 1964லேயே தெரு நாய்க்கு கருத்தடை பண்ணி திருப்பி விடலாம்னு சொல்லி செஞ்சும் காட்டினாங்க. ஆனா மாநகராட்சி அதுக்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல நாய்ங்கள பிடிச்சு கரண்ட் வெச்சு கொன்னுட்டு இருந்துச்சு, 1996லதான் கொல்றத விட்டுட்டு கருத்தடைக்கு மாறினாங்க. அத்தனை வருஷம் தினம் கொன்னும் நாய் குறையவே இல்லங்கறததான் உங்க செக்ரட்டரிகிட்ட நீங்க சொல்லணும். குப்பையும் மீந்த சோறும் இருக்கற தெருவுல இடம் காலியானா பக்கத்து தெரு நாய் வந்து உக்காந்துக்கும், அது ஊசி போடாத, உங்க புள்ளைங்க முகம் தெரியாத நாயா இருக்கும்.

செங்குன்றம் தாண்டி விடறது சட்டப்படியும் தப்பு. 2023ல வந்த விலங்கு பிறப்புக் கட்டுப்பாடு விதிகள் பிடிச்ச நாய ஆபரேஷன் முடிஞ்சதும் அதே இடத்துலதான் விடணும்னு சொல்லுது. அவர் காட்ற கோர்ட் விஷயத்தையும் முழுசா படிக்கச் சொல்லுங்க. 2025 ஆகஸ்ட் 11ல சுப்ரீம் கோர்ட் டெல்லி பக்கத்து நாய்ங்கள எல்லாம் பிடிச்சு ஷெல்டர்ல வைக்கச் சொன்னது உண்மைதான், ஆனா ஆகஸ்ட் 22ல அவங்களே அத மாத்தி, கருத்தடை ஊசி பூச்சி மருந்தெல்லாம் ஆனப்புறம் பிடிச்ச இடத்துலயே விடுங்க, ரேபிஸ் இருக்கற நாயையும் ரொம்ப மூர்க்கமான நாயையும் மட்டும் விடாதீங்கன்னு சொன்னாங்க. நவம்பர் 7ல ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்கள்ல பிடிச்சத திரும்ப அங்க விடக் கூடாதுன்னாங்க, அந்த லிஸ்ட்ல அபார்ட்மென்ட் கிடையாது. எந்த கோர்ட்டும் ராத்திரி வண்டியில ஏத்தி இன்னொரு ஊர் ரோட்டோரம் இறக்கி விடச் சொல்லல.

அதுக்காக அவர எதிரியா பாக்காதீங்க. குட்டி போட்ட நாய் பக்கத்துல போனா கடிக்க வரும், அபார்ட்மென்ட்டுக்குள்ள வர்ற புகார்ல நிறைய இப்படித்தான், அந்த பயம் நியாயமான பயம். சோறு வைக்கிற இடத்த அசோசியேஷனோட சேந்து பேசி முடிவு பண்ணணும்னு அதே விதிகள்ல இருக்கு, வாசப்படி பக்கமோ குழந்தைங்க விளையாடற பக்கமோ இருக்கக் கூடாது, பெரியவங்களும் குழந்தைங்களும் அதிகம் நடமாடாத நேரமா இருக்கணும். நீங்க லிஃப்ட் பக்கத்துல வைக்கிறதா எழுதிருக்கீங்க, அத இன்னிக்கே மாத்திடுங்க. சாப்பாடு முடிஞ்சதும் இலைய தட்ட எடுத்துடுங்க. இந்த ஒரு விஷயத்துல நீங்க இறங்கி வந்தா அவர் பத்து விஷயத்துல இறங்கி வருவார். யாரையாவது நாய் கடிச்சாலோ கீறினாலோ உடனே பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு குழாய்த் தண்ணியில கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, ரேபிஸ் ஊசி அங்க இலவசம். மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க விடாதீங்க. இத உங்க கையெழுத்துலயே எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

காது வெட்டப் பத்தி பயப்படாதீங்க, அது நல்ல சேதி. மயக்கத்துல இருக்கறப்பவே காது நுனிய சின்னதா வி மாதிரி வெட்டி விடுவாங்க, இந்த நாய்க்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, திரும்ப பிடிக்காதீங்கன்னு தூரத்துல இருந்தே தெரியறதுக்கான அடையாளம். ஆக உங்க 11ல 3 முடிஞ்சுது, பாக்கி 8. அதுல பிரவுனியோட சேத்து பொட்டை 5னு எழுதிருக்கீங்க. உங்க முழு வேலையே அந்த 5தான் மா, கேக்கும்போது மலைப்பா இருந்தது இப்ப எவ்வளவு சின்னதா ஆயிடுச்சு பாருங்க.

காசு விஷயம். 9,000 ரூபாய் கேட்ட டாக்டர் உங்கள ஏமாத்தல. பொட்டை நாய் ஆபரேஷன்ங்கறது வயித்த திறந்து கர்ப்பப்பையையும் ரெண்டு சினைப்பையையும் எடுக்கற பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, தையல் நூல், வலி ஊசி, ஆன்டிபயாட்டிக், ரத்தப் பரிசோதனை, கூட நிக்கற ஆளுக்கு சம்பளம்னு எல்லாம் அதுலதான் வரணும். ஆனா அதே டாக்டர் ஒரே நாள்ல எட்டு நாய் வரிசையா பண்ணினா செலவு பாதியாகும், ஏன்னா தியேட்டர் ரெடி பண்றதும் ஆள் வர்றதும் ஒரு தடவைதான். அதனால மாசத்துல ஒரு நாள் தெரு நாய்ங்களுக்குன்னு ஒதுக்க முடியுமா டாக்டர், நாங்க நாலு தெருக்காரங்க சேந்து நாய் கொண்டு வரோம்னு போய் கேளுங்க. நிறைய பேர் ஒத்துக்குவாங்க, நான் ஒத்துக்கிட்டவதான்.

அதுக்கு முன்னாடி இலவசமா கிடைக்கறத வாங்குங்க. மாநகராட்சியோட 1913 நம்பருக்கு போன் பண்ணி தெருப் பேர், எத்தனை நாய், காது வெட்டு இல்லாத பொட்டை எத்தனைன்னு சொல்லி புகார் நம்பர் வாங்கிக்கோங்க. உங்களுக்கு பக்கம் மாநகராட்சியோட புளியந்தோப்பு நாய் கருத்தடை சென்டர். நாய் பிடிக்கற வண்டி உங்க தெருவுக்கு வர்ற அன்னிக்கு நீங்க கண்டிப்பா அங்க நிக்கணும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா வலையப் பாத்ததும் உங்க நாய் எல்லாம் சிதறி ஓடிடும், கையில கிடைச்ச ஆண் நாய ஏத்திட்டு போயிடுவாங்க. சோறு வைக்கிற கை உங்களோடது, நீங்க கூப்பிட்டாதான் அதுங்க வரும். முந்தின ராத்திரி சோறு வைக்காதீங்க, வெறும் வயித்தோட போனாதான் மயக்க மருந்துல வாந்தி எடுத்து மூச்சுல சிக்காது. ஒவ்வொரு நாயையும் முகம், ரெண்டு பக்கம் உடம்புன்னு மூணு போட்டோ எடுத்து, எந்த தேதி எந்த சென்டர் போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, திரும்ப வரலன்னா அந்த நோட்டுதான் பேசும். திரும்பி வந்ததும் வயித்துப் பக்கம் முடி எடுத்த இடத்துல தையல தினமும் பாருங்க, வீங்கினா, கசிஞ்சா, சாப்பிடாம சுருண்டு படுத்தா உடனே டாக்டர்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிய நிறைய பேர் மறந்துடறாங்க. 1903ல ஆரம்பிச்ச கல்லூரி, காலையில சீக்கிரம் போய் சீட்டு போட்டு வரிசையில நிக்கணும், ஆனா செலவு பிரைவேட்ட விட ரொம்ப கம்மி, பெரிய பெரிய டாக்டர்ங்க இருக்காங்க. உங்க அபார்ட்மென்ட்ல வீட்டு நாய், வீட்டுப் பூனை வெச்சிருக்கவங்களுக்கு அதச் சொல்லுங்க, தடுப்பூசி லைசென்ஸ் மாதிரி விஷயத்துக்கு திரு.வி.க. நகர்லயே மாநகராட்சி கிளினிக் இருக்கு. அப்புறம் 40 வீடும் மாசம் 100 ரூபாய் போட்டா 4,000 ஆச்சு. குட்டிங்க ஊசிக்கு, அவசரத்துக்கு அது உதவும், மூணு மாசம் சேத்து வெச்சா வண்டி வராதப்ப ஒரு நாய பிரைவேட்ல பண்றதுக்கும் ஆகும். பில்ல அப்படியே குரூப்ல போடுங்க, ஒரு ரூபாய் கணக்கு இடிச்சாலும் அடுத்த மாசம் யாரும் தர மாட்டாங்க.

பிரவுனிக்கு மட்டும் இப்ப வேண்டாம். பால் கொடுத்துட்டு இருக்கா, மார்பு தளதளன்னு இருக்கும், குட்டிங்களுக்கும் பால் போயிடும். குட்டிங்க எட்டு வாரத்துல பிரிஞ்சப்புறம் ரெண்டு வாரம் விடுங்க, பால் வத்திடும், அப்ப கொண்டு போங்க. அதாவது இன்னிலேருந்து ஏழு வாரம், காலண்டர்ல குறிச்சிடுங்க. மத்த நாலு பொட்டைக்கும் நாளைக்கே போன் பண்ணலாம்.

உங்க மாமியார்கிட்ட நான் பேசற மாதிரி இத படிச்சுக் காட்டுங்க. அம்மா, நீங்க இரக்கத்துலதான் சொல்றீங்க, எனக்கு அது நல்லா புரியுது. ஆனா ஒரு தடவையாவது குட்டி போடணும்ங்கற ஏக்கம் நாய்க்கு கிடையாதும்மா, ஹீட்டுக்கு வர்றப்ப பத்து ஆண் நாய் துரத்தி துரத்தி அவ ஓட முடியாம வண்டி அடியில போய் படுத்துக்கறத நீங்களே பாத்திருப்பீங்க. போன தடவை போட்ட குட்டிங்கள்ல எத்தனை இப்ப உயிரோட இருக்கு, எத்தனை காருக்கு அடியில போச்சுன்னு எண்ணிப் பாருங்க. ஆபரேஷன் பண்ணாத பொட்டைக்கு வயசாக ஆக கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும், பயோமெட்ரான்னு சொல்லுவோம், ஹீட் முடிஞ்சு ஒரு மாசம் ரெண்டு மாசத்துல தண்ணியா குடிச்சு தள்ளும், சாப்பிடாது, பின்பக்கம் நாத்தத்தோட கசியும், நாள் தள்ளினா செத்துடும். மார்புல கட்டி வரும். தெருவுல ஒண்ணுக்கொண்ணு சேரும்போது தொத்தற புத்துக்கட்டி ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் தெரு நாய்ங்களுக்கு அது சர்வசாதாரணம், ரத்தம் சொட்டச் சொட்ட என்கிட்ட தூக்கிட்டு வருவாங்க, வாராவாரம் கீமோ ஊசி போடணும். இதையெல்லாம் இருபது வருஷமா பாத்து பாத்து எனக்கு மனசு வலிக்குதும்மா, நீங்க சரின்னு சொன்னா உங்க மருமகளுக்கு பாதி பாரம் குறையும்.

இப்ப அடாப்ஷன். அஞ்சாறு வாரம் கழிச்சு கேம்ப் வைங்க, ஆனா கேம்ப்ப விட ஒவ்வொருத்தரா பேசி கொடுக்கறதுதான் நிக்கும். கேக்கறவங்கள்ல முக்காவாசிப் பேர் ஆண் குட்டிதான் கேப்பாங்க, கடைசியில பொட்டைக் குட்டிங்க மட்டும் மிஞ்சும், இது எல்லா ஊர்லயும் நடக்குது, பொட்டைக் குட்டிங்கள சாக்குல கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுட்டு போறதும் இதனாலதான். அதுக்கு ஒரே வழி, இந்தக் குட்டிக்கு ஆறு மாசத்துல ஆபரேஷன் எங்க பொறுப்பு, தேதி நாங்களே வாங்கித் தரோம், செலவுல பாதி எங்க ஃபண்டுலேருந்துன்னு முதல்லயே சொல்லுங்க. பொட்டை வேண்டாம்னு சொல்றவங்களோட பயமே அந்த ஹீட்டும் குட்டியும்தான், அது போயிட்டா சரின்னுடுவாங்க. வாங்கிட்டு போறவங்ககிட்ட கொஞ்சம் முன்பணம் வாங்கி வெச்சு ஆபரேஷன் அன்னிக்கு அந்தக் கணக்குலயே கழிச்சிடுங்க, அப்பதான் மறக்காம வருவாங்க. வீட்டு நாய்க்கு லைசென்ஸும், தோலுக்கு அடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் மாநகராட்சி கட்டாயம் ஆக்கிருக்காங்க, அதுக்கு ரேபிஸ் ஊசி சர்டிஃபிகேட் வேணும்ங்கறதையும் அப்பவே சொல்லிடுங்க.

வேண்டாம்னு சொல்லவும் பழகிக்கோங்க. குடோன் காவலுக்கு வேணும், மொட்டைமாடியில கட்டிப் போடுவோம், பையன் அழறான்னு வாங்கறோம், ஹாஸ்டல்ல நாலு பேர் சேந்து வளப்போம், இவங்களுக்கெல்லாம் கொடுக்காதீங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு கொடுங்க. ஹஸ்கி வேணும் கோல்டன் வேணும்னு பல்லாயிரம் கொடுத்து வாங்கி, முடி கொட்டுது ஏசி இல்லாம மூச்சு வாங்குதுன்னு ரோட்டுல விட்டுட்டு போன நாய்ங்க மாசத்துக்கு ரெண்டு என் கிளினிக் வாசல்ல நிக்குது. நம்ம நாட்டுக் குட்டி இந்த வெயில்ல பொறந்து இந்த வெயில்ல வளர்றது, மிச்சம் மீதி சோறும் முட்டையும் போட்டாலே சந்தோஷமா இருக்கும், இத தயங்காம வாய்விட்டு சொல்லுங்க. கொடுத்த மூணாவது நாள் ஒரு போன், மூணாவது வாரம் நேர்ல ஒரு தடவை. ஒத்துவரலன்னா ரோட்டுல விடாம எங்ககிட்டயே திருப்பிக் கொடுங்கன்னு எழுதி வாங்கிக்கோங்க.

பூனை பத்தி நீங்க கேக்கல, ஆனா பார்க்கிங்ல நாலு பூனை இருக்குன்னு போற போக்குல எழுதிருக்கீங்க. பூனை நாலு அஞ்சு மாசத்துலயே சினையாயிடும், பால் கொடுத்துட்டு இருக்கும்போதே அடுத்தது பிடிச்சிடும், நாயை விட அவசரம் அதுதான். குட்டிக்கு காய்ச்சல்னு பாரசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்.

பிரவுனிக்கு இப்ப பசி ரெண்டு மடங்கு இருக்கும். சோறோட முட்டை, கோழிக்கடையில கிடைக்கற தலை கால வேகவெச்சு எலும்பு எடுத்துட்டு ரெண்டு வேளையும் வைங்க, பெரிய சட்டியில தண்ணி எப்பவும் இருக்கட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல்ல கூப்பிடுங்க, சாப்பிடும்போது கழுத்துல ஒரு துணி பெல்ட்ட போட்டு கழட்டி பழக்குங்க. ஏழு வாரம் கழிச்சு வண்டி வர்ற அன்னிக்கு அவள வலை போட்டு துரத்த வேண்டியிருக்காது, நீங்களே கூட்டிட்டு போய் ஏத்திடலாம்.